மூலைக்கு மூலை அளந்தியாலே?

"தம்பி, ஒரு கையெழுத்து வேணும்."

அண்ணன் இப்படி ஆரம்பிச்சதுமே எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. பேங்குல வேலை பாக்கிறவன்கிட்ட சொந்தக்காரங்க கேக்கிற கையெழுத்து ஆட்டோகிராஃப் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். ஜாமீன் கையெழுத்து. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு: கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. இதை நான் புத்தகத்துல படிச்சு மட்டும் தெரிஞ்சுக்கல. ஒருத்தருக்குப் போட்டுட்டு ஒரு வருஷம் அவர் தவணையை நான் கட்டின கதை ஒண்ணு இருக்கு. அது வேற நாளைக்கு. (தங்கமணிக்கு இன்னிக்கும் அந்தப் பேரைக் கேட்டா கரண்டி கை மாறும்.)

அண்ணன்னா பெரியப்பா மகன். எனக்கு முன்னாடியே மும்பை வந்தவர். நான் டிரான்ஸ்ஃபர்ல செம்பூருக்கு வந்து இறங்கினப்ப வீடு பாத்துக் கொடுத்து, கேஸ் சிலிண்டருக்கு அலைஞ்சு, பையனுக்கு ஸ்கூல் ஃபார்ம் வாங்கி வந்ததெல்லாம் அவர்தான். தினம் விடிகாலை மூணு மணிக்கு பிக்கப்பை எடுத்துக்கிட்டு வாஷி ஏ.பி.எம்.சி. மார்க்கெட்டுக்குப் போவார். தேங்காய், முருங்கைக்காய், சாம்பார் வெங்காயம் ஏத்திக்கிட்டு வந்து மாட்டுங்காவுலயும் செம்பூர்லயும் இருக்கிற நம்ம ஊர்க் கடைகளுக்கு இறக்குவார். இங்க நாம சாப்பிடுற சாம்பாருக்குப் பின்னாடி இப்படி எத்தனை பேர் தூக்கம் இருக்கோ!

வண்டிக்குப் பதிமூணு வயசு. "முன் டயர் ரெண்டும் எட்டு மாசத்துல மொட்டை ஆயிடுது. வண்டி இடப்பக்கம் இழுக்குது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பிடிச்சாத்தான் நேரா போகுது. மூணு தடவை அலைன்மெண்ட் பண்ணியாச்சு. அவ்வளவுதான் தம்பி, வண்டி முடிஞ்சுது. புதுசு எடுத்துடலாம்" என்றார்.

கையில கொட்டேஷன். எட்டு லட்சம் கடன், அஞ்சு வருஷம், பத்தரை சதவீதம். மாசம் சுமார் 17,200 ரூபாய். வட்டி மட்டும் ரெண்டே கால் லட்சத்துக்கு மேல. அவர் வருமானம் எனக்கு ஓரளவு தெரியும். மழைக்காலத்துல லோடு குறைஞ்சா அந்த 17,200 எங்க போய் நிக்கும்கிறதும் தெரியும் (128-வது பிரிவு!).

மாட்டேன்னு சொல்ல வாய் வரலை. சரின்னு சொல்லக் கை வரலை. கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி சொத்தை நேர்ல போய்ப் பாக்கிறது எங்க வழக்கம். "வண்டியை ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்கண்ணே, ஒரு தடவை பாத்துடலாம்" என்றேன். நான் படிச்சது பி.காம். பாத்து என்ன கிழிக்கப் போறேன்னு அப்ப எனக்கே தெரியாது.

*

ரெண்டு நாள் ராத்திரி உக்காந்து படிச்சதுல ஒரு விஷயம் புரிஞ்சுது. வீல் அலைன்மெண்ட்னா மூணு கோணம். சக்கரம் மேலயும் கீழயும் உள்ளே வெளியே சாயறது கேம்பர். சக்கரம் திரும்புற அச்சு முன்னே பின்னே சாயறது கேஸ்டர். சக்கரங்களோட முன்பக்கம் ஒண்ணை ஒண்ணு பாத்தபடி உள்ளே ஒடுங்கியிருந்தா டோ-இன், வெளியே விரிஞ்சிருந்தா டோ-அவுட். டோன்னா கால் விரல்தான். நின்னுக்கிட்டு ரெண்டு கால் கட்டைவிரலையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்க, டோ-இன்.

அண்ணன் வண்டி பழைய மகிந்திரா ஜீப் மாதிரி. முன்னாலயும் ஒரே இரும்பு ஆக்சில், கீழ கமான் பட்டை. இந்த அமைப்புல கேம்பரும் கேஸ்டரும் ஆக்சில்லயே அடங்கியிருக்கு. ஆக்சில் வளையாம, கிங்பின் தேயாம இருந்தா அதுல நாம கை வைக்க ஒண்ணுமில்லை. திருத்த முடிஞ்சது டோ ஒண்ணுதான். அது ரெண்டு அளவோட கழித்தல் கணக்கு. சக்கரங்களுக்கு நடுவுல முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு. கழித்தல் எனக்குத் தெரியும். தைரியம் வந்துடுச்சு.

வண்டி ஓடும்போது தரை சக்கரத்தைப் பின்னால தள்ளும். மூட்டுகள்ல இருக்கிற சின்ன ஆட்டத்துல சக்கரம் கொஞ்சம் வெளியே விரியும். அதனாலதான் பின்சக்கரத்தால ஓடுற இந்த மாதிரி வண்டிக்கு நிக்கும்போது கொஞ்சம் டோ-இன் வைக்கிறாங்க. பொதுவா 1-லேருந்து 3 மி.மீ. வரைக்கும். உங்க வண்டி புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

அளக்கிறதுக்கு நூலும் தூக்குக்குண்டும் வேணும். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து ஹார்ட்வேர் கடையில "லைன் டோரி" கேட்டேன், கொடுத்தான். தூக்குக்குண்டுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. கையால ஆட்டிக் காட்டினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு "ஓளம்பா!" என்றார். மராட்டியில ஓளம்பாவாம். ஊர்ல எங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் கையில பிடிச்ச சாமான். அதைப் பேர் சொல்லிக் கேக்கத் தெரியாம அவர் பிள்ளை செம்பூர்ல நடனம் ஆடிட்டு வந்தான்.

*

ஞாயிறு காலை ஏழு மணி. நாங்க இருக்கிறது சேடா நகர் பக்கம். சொசைட்டி பார்க்கிங் சிமெண்ட் தரை. அண்ணனும் அவர் மகனும் வந்துட்டாங்க. வாட்ச்மேன் ஓடி வந்து "சாப், யஹான் காடி ரிப்பேர் மனா ஹை" என்றார். ரிப்பேர் இல்லை, அளக்கத்தான் போறோம்னேன். பொய் இல்லை. அந்த நேரத்துக்கு அது உண்மை.

முதல் வேலை டயரைத் தடவிப் பாக்கிறது. கண்ணை விட உள்ளங்கை நல்லாச் சொல்லும். வெளிப்பக்கத்துலேருந்து உள்பக்கமா தடவினா ரம்பம் மாதிரி கீறுது. உள்ளேருந்து வெளியே தடவினா வழவழன்னு போகுது. உள் ஓரம் அதிகமா தேய்ஞ்சிருக்கு. இது டோ-அவுட்டோட கையெழுத்து.

ரெண்டாவது, மூட்டு ஆட்டம். இதைப் பாக்காம அலைன்மெண்ட் பண்றது காத்துல கோடு போடற மாதிரி. பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துட்டு முன்பக்கத்தை ஜாக்கில ஏத்தி, ஸ்டாண்டுல உக்கார வெச்சோம். இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழ தலையை விடாதீங்க. அண்ணன் மகன் ஸ்டாண்டுக்குப் பதிலா ரெண்டு ஹாலோ பிளாக் தூக்கிட்டு வந்தான். முந்தின நாளே ஃபோன்ல அப்பா சொல்லியிருந்தார்: "கல்லை நம்பாதலே. செவத்துல பரவலா பாரம் இருந்தா தாங்கும். ஒரே எடத்துல குத்துனா சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும்." அதனால எதிர் பில்டிங் மெக்கானிக்கிட்ட கெஞ்சி ரெண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்கி வெச்சிருந்தேன்.

சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினோம். ஆட்டமில்லை, பேரிங்கும் கிங்பின்னும் தேவலை. இடமும் வலமும் பிடிச்சு ஆட்டினோம். இடது சக்கரம் டக் டக்! பையனை ஸ்டியரிங்கை லேசா ஆட்டச் சொல்லிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா, ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடோட இடது முனை மூட்டு தனியா குதிக்குது. ரப்பர் கிழிஞ்சு, உள்ளே கிரீஸ் இருந்த இடத்துல மண்.

இப்ப ஒரு விஷயம் விளங்கிச்சு. மூணு தடவை அலைன்மெண்ட் பண்ணின கடையில கொடுத்த பிரிண்ட்-அவுட் அண்ணன் டாஷ்போர்டுல இருந்துச்சு. எல்லாம் பச்சை. மெஷின் பொய் சொல்லலை. நிக்கிற வண்டியை அளந்து, அந்த நிமிஷம் மூட்டு எங்க உக்காந்திருந்துச்சோ அதைச் சொல்லியிருக்கு. கடை வாசல்ல ஸ்பீட் பிரேக்கர் ஏறினதும் அது வேற இடத்துல உக்காந்திருக்கும்.

ஆட்டோ பிடிச்சு குர்லா சி.எஸ்.டி. ரோடு போனோம். வண்டிச் சாமான்ல அங்க கிடைக்காததுன்னு ஒண்ணு இல்லை. ஞாயித்துக்கிழமைங்கிறதால பாதிக் கடை மூடியிருந்துச்சு. திறந்திருந்த ஒரு கடைப் பெரியவர் பழைய சாமானைக் கையில வாங்கிப் பாத்துட்டு, எதுக்குன்னு கேட்டார். நூல் வெச்சு நாங்களே பண்றோம்னதும் முகம் மலர்ந்துடுச்சு. ஃபியட் டாக்ஸி காலத்துல அவரும் நூல் பிடிச்சவராம். அந்த பிரீமியர் பத்மினி செஞ்ச தொழிற்சாலை இதே குர்லாவுலதான் இருந்துச்சு. கடைசியா 2003-ல பதிவான பத்மினி டாக்ஸியும் இருபது வருஷக் கெடு முடிஞ்சு 2023 அக்டோபர்ல ரோட்டை விட்டுப் போச்சு. அவர் அதைச் சொந்தத்துல ஒரு சாவு மாதிரி சொன்னார். சில நூறு ரூபாய்ல மூட்டு வாங்கிட்டுத் திரும்பினோம்.

மாட்டுறப்ப ஒரு சின்ன சூட்சுமம். பழைய மூட்டைக் கழட்டும்போது எத்தனை சுத்துன்னு எண்ணி வெச்சுக்கணும். புதுசை அதே எண்ணிக்கை ஏத்தினா பழைய நீளத்துக்குக் கிட்டத்தட்ட வந்துடும். இந்த எண்ணுற வேலையை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்கலை. பதினேழரைச் சுத்து.

*

அப்புறம் அளவு. தூக்கின நிலையிலேயே டயரைச் சுத்தவிட்டு, நடுவுல சாக்பீஸ் தேய்ச்சு, ஒரு ஆணியை அசையாம பிடிச்சா டயர் முழுக்க ஒரு மெல்லிய கோடு விழும். ரெண்டு டயருக்கும் இப்படி. கீழே இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் மூணு மீட்டர் தள்ளினோம். ஜாக்கிலேருந்து இறங்கின சக்கரம் உடனே தன் நிலைக்கு வராது, உருட்டினாத்தான் வரும்.

டேப்பை நேரா பிடிக்க முடியாது, நடுவுல இன்ஜின், ஆக்சில் எல்லாம் இருக்கு. அதுக்குத்தான் தூக்குக்குண்டு. சக்கர நடு உயரத்துல டயரோட முன் நுனியில கோட்டுக்கு நேரா நூலைப் பிடிச்சுக் குண்டைத் தொங்கவிட்டு, தரையில புள்ளி. பின் நுனியிலும் அப்படியே. ரெண்டு பக்கமும் சேத்து நாலு புள்ளி. வண்டியைத் தள்ளிட்டு நிதானமா அளக்கலாம். முன் புள்ளிகளுக்கு நடுவுல 1,400 மி.மீ. பின் புள்ளிகளுக்கு நடுவுல 1,395. அஞ்சு மில்லி டோ-அவுட். மூட்டு மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்தப்ப ஏழு இருந்துச்சு.

ஏழு மில்லிதானேன்னு அண்ணன் சிரிச்சார். நான் பேப்பரை எடுத்தேன் (பழக்க தோஷம்). டயர் விட்டம் கிட்டத்தட்ட 700 மி.மீ. ஏழுன்னா ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து நூத்துல ஒரு பங்கு கோணல், ஒரு சக்கரத்துக்கு அதுல பாதி. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு முன் டயரும் அஞ்சு மீட்டர் பக்கவாட்டுல இழுபட்டுத் தேயுது. தினம் நாப்பது கிலோமீட்டர்னா இருநூறு மீட்டர். "தேங்காய்த் துருவுறது கணக்கா இல்ல இருக்கு" என்றார் அண்ணன். சிரிக்கலை.

டை ராடுல ஒரு முனையில வலது மரை, மறு முனையில இடது மரை. கிளாம்ப் ரெண்டையும் தளர்த்தி, பைப் ரெஞ்சால ராடைத் திருப்பினா நீளும் அல்லது குறையும். நான் தன்னம்பிக்கையோட அரைச் சுத்து திருப்பினேன். வண்டியை உருட்டி அளந்தோம். ஒம்பது மில்லி அவுட்!

ராடு ஆக்சிலுக்குப் பின்னால இருந்தா, நீளமாக்கினா டோ-இன். முன்னால இருந்தா நேர் எதிர். எங்க வண்டியில பின்னால இருக்கு, நான் குறைச்சுட்டேன். டெபிட்டை கிரெடிட்ல எழுதின கேஸ். மறுபடி திருப்பி, உருட்டி, அளந்து, திருப்பி... நாலாவது தடவை ரெண்டு மில்லி டோ-இன்ல நின்னுச்சு. கிளாம்ப்பை முடுக்கிட்டு இன்னொரு தடவை அளந்தோம், முடுக்கும்போதே ராடு கொஞ்சம் நகரும்.

டீ வந்துச்சு. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன். சயான்-பன்வேல் ஹைவேயில மான்கூர்ட் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்தோம். டயர் கத்தலை. ஆனா வண்டி அதே மாதிரி இடது பக்கம் இழுக்குது. ஸ்டியரிங் அதே மாதிரி வலது கோணல்.

அண்ணன் ஒண்ணும் சொல்லலை. கொட்டேஷனை சட்டைப் பையில தொட்டுப் பாத்துக்கிட்டார்.

*

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். வள்ளியூர்ல சாப்பிட்டுட்டுத் திண்ணையில இருந்தார். வண்டியைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது, சைக்கிள் தவிர எதையும் ஓட்டினதில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். நாலு புள்ளி, முன் அளவு, பின் அளவு எல்லாம். கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"மூலைக்கு மூலை அளந்தியாலே?"

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டறதுக்கு முன்னாடி முளை அடிச்சு நூல் கட்டுவாங்க இல்லையா, அப்ப நாலு பக்கம் அளந்தா மட்டும் போதாது. பக்கம் எல்லாம் சரியா இருந்தும் கட்டம் சாய்ஞ்சிருக்கலாம். மூலைக்கு மூலை ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் வீடு சதுரம். சின்ன வயசுல டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னிருக்கேன். எதுக்குன்னு அப்ப கேக்கலை.

நான் அளந்தது முன் சக்கரங்களை மட்டும்தான். அந்தக் கடை மெஷினும் முன் சக்கரத்துல மட்டும்தான் மாட்டினாங்கன்னு அண்ணன் மகன் சொன்னான். பின் ஆக்சிலை யாரும் கேக்கவேயில்லை.

ஸ்டியரிங்கை நேரா வெச்சு, நாலு சக்கரத்தோட நடு மையத்துலேருந்தும் தூக்குக்குண்டு விட்டு நாலு புள்ளி வெச்சோம். முன்னாலயும் பின்னாலயும் அகலம் ஒண்ணா இருக்கணும்னு இல்லை, ஆனா மூலைவிட்டம் ரெண்டும் ஒண்ணா இருக்கணும். பன்னெண்டு மில்லி வித்தியாசம்! பக்கத்தை அளந்தா, இடது பக்கம் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் வலதை விட 14 மி.மீ. கம்மி. இடது பின் சக்கரம் முன்னால நகர்ந்திருக்கு. பின் ஆக்சில் வலது பக்கமா பாக்குது, வாலை வலப்பக்கம் தள்ளுது, மூக்கு இடப்பக்கம் போகுது. அண்ணன் தினமும் அதைத் திருத்தித் திருத்தி, ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடிச்சபடி, நண்டு மாதிரி வாஷி பாலத்தைத் தாண்டிக்கிட்டிருந்திருக்கார்.

பி.காம்.ல ஈடுசெய் பிழைன்னு ஒரு பாடம் உண்டு. ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைச்சுடும், இருப்பாய்வு கச்சிதமா டேலி ஆகும், கணக்கு மட்டும் தப்பா இருக்கும். பேங்குல இதைத் தேடி ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்திருக்கேன். பார்க்கிங்ல பாப்பேன்னு நெனைக்கலை.

டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கீழே படுத்தோம். கமான் பட்டைகளை ஒண்ணா கோத்து, ஆக்சில் நகராம நிறுத்தி வைக்கிறது நடுவுல இருக்கிற சென்டர் போல்ட். அதோட தலை ஆக்சில்ல இருக்கிற குழியில உக்காந்திருக்கணும். இடது பக்கம் அந்த போல்ட் முறிஞ்சு கிடக்கு. ஆக்சில் பட்டை மேலயே வழுக்கி முன்னால வந்திருக்கு, பழைய இடத்துல பளபளன்னு ஒரு தேய்மானம். யூ போல்ட் நட்டும் தளர்ந்திருந்துச்சு. இத்தனை நாளா ஆக்சிலைப் பிடிச்சுக்கிட்டிருந்தது அந்தத் தளர்ந்த யூ போல்ட் மட்டும்தான். மேல ஒரு டன் தேங்காய், கீழ கடல்.

அண்ணன் எழுந்து போய்த் தண்ணி குடிச்சார். பையன் அவர்கூட விடிகாலையில போறவன்.

*

அந்த வேலையை நாங்க பண்ணலை. கமான் கழட்டுறது வீட்டு வாசல்ல செய்யுற வேலை இல்லை. அதைத் தெளிவா சொல்லிடறேன். திங்கக்கிழமை லோடு எடுக்காம, மெதுவா ஓட்டி ஒரு கமான் பட்டறையில விட்டார். ரெண்டு பக்கமும் புது சென்டர் போல்ட், புது யூ போல்ட், முறிஞ்ச பட்டை ஒண்ணு மாத்தம். நூறு கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்கச் சொன்னாங்க, முடுக்கினார். அடுத்த ஞாயிறு திரும்ப நாலு புள்ளி, மூலைவிட்டம், டோ. ஸ்டியரிங் பாக்ஸ்லேருந்து வர்ற டிராக் லிங்க்கைக் கொஞ்சம் திருத்தினதுல ஸ்டியரிங் சக்கரமும் நேரா வந்துடுச்சு.

எதுக்கும் இருக்கட்டும்னு வேற ஒரு இடத்துல, நாலு சக்கரமும் பாக்கிற மெஷின்ல காட்டினோம். பொங்கலுக்கு முன்னாடி ஃபிட்னஸ் வேற வந்துச்சு. எட்டு வயசு தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எடுக்கணுமே. மெஷின் எங்க நூலை ஒத்துக்கிச்சு. சக்கர விளிம்புல ரெண்டு மில்லிக்குக் கொஞ்சம் கம்மியா காட்டுச்சு.

மொத்தச் செலவு ஒரு மாசத் தவணையில பாதிகூட ஆகலை. புது முன் டயர் ரெண்டு தனி. கடன் ஃபார்ம் இன்னும் என் மேஜை டிராயர்லதான் இருக்கு. அண்ணன் திருப்பியும் கேக்கலை, நானும் கிழிச்சுப் போடலை. வண்டிக்குப் பதினாலு வயசாகப் போகுது, என்னிக்காவது புதுசு எடுத்துத்தான் ஆகணும். அன்னிக்குக் கேட்டா போடுவேன்னு நெனைக்கிறேன். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லலை.

சொசைட்டி செக்ரட்டரி வந்து தரையில இருந்த சாக்பீஸ் புள்ளியெல்லாம் என்னன்னு விசாரிச்சார். விளக்கினேன். திட்டுவார்னு பாத்தா, "என் காரையும் கொஞ்சம் பாத்துடுங்களேன்" என்றார். அது நாலு சக்கரமும் தனித்தனியா தொங்குற கார், கேம்பர் வேற பாக்கணும், என் நூலுக்கு அடங்காதுன்னு கும்பிடு போட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பா கூப்பிட்டார்.

"மூலை சரியாச்சாலே?"

"ஆச்சுப்பா. ஒரு மில்லிதான் வித்தியாசம்."

"மில்லியா? ஏலே, நாங்க அஸ்திவாரத்துல அரை இஞ்சு விட்டுட்டு, பூச்சுல சரிக்கட்டிருவோம்."